ஸ்ப்ரே கன் சரியாக அடிக்கவில்லையா? அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் வேலை பெரும்பாலும் இரண்டு பருவங்களில் நடக்கிறது. ஒன்று பொங்கலுக்கு முந்தைய மார்கழி. மற்றொன்று வைகாசி முகூர்த்தங்களுக்கு முந்தைய பங்குனியும் சித்திரையும். பிரஷ்ஷுக்கும் ரோலருக்கும் இவை பெரிய இடைஞ்சல் அல்ல. ஸ்ப்ரே கன்னுக்கோ இரண்டுமே சோதனைக் காலங்கள். கன்னிலிருந்து புறப்படும் வண்ணம் நுண்துளிகளாகச் சிதறிப் பரப்பை அடையும் ஓரடி தூரத்துக்குள்ளேயே அதிலுள்ள டர்பென்டைனோ தண்ணீரோ ஓரளவு ஆவியாகிவிடுகிறது. எவ்வளவு ஆவியாகிறது என்பதை அன்றைய வெயிலும் பனியும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் காலை பத்து மணிக்கு வழவழப்பாக விழுந்த அதே கலவை, சித்திரை மதியத்தில் தருமபுரியில் உப்புத்தாள் போலச் சொரசொரத்து நிற்பது இதனால்தான். ஆகவே கன்னைக் கழற்றுவதற்கு முன் வானத்தைப் பார்ப்பதும் இந்த வேலையில் ஒரு படி.

இங்கே சொல்லப்படுபவை வீட்டு வேலைக்குப் பயன்படும் இருவகைக் கன்களுக்குப் பொருந்தும். முதல் வகை, தன்னுள்ளேயே மோட்டார் வைத்து, ஏறத்தாழ 800 மில்லி கப்பைக் கீழே தாங்கும் மின்சாரக் கன். இரண்டாவது, கம்ப்ரஸரோடு குழாயால் இணைத்து, பெரும்பாலும் கப் மேலே இருக்கும்படி அமைந்த கன். ஏர்லெஸ் எனப்படும் உயர் அழுத்த இயந்திரம் பெரிய கட்டடங்களுக்கானது. அதைப் பற்றி ஓரிடத்தில் எச்சரிக்கை மட்டும் செய்துவிட்டு நகர்கிறேன். ‘தெளிப்பான்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். மாந்தோப்புகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் மருந்தடிக்கும் முதுகுப் பம்புதான் நினைவுக்கு வரும் என்பதால், கடையில் கேட்டு வாங்கும் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் குறையானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

கப்பில் உள்ள வண்ணத்தை டப்பாவில் திருப்பி ஊற்றிவிட்டு, கன்னைக் கழுவி, எனாமல் வேலையானால் மினரல் டர்பென்டைனையும் எமல்ஷன் வேலையானால் வெறும் தண்ணீரையும் கால் கப் அளவு ஊற்றி, பழைய அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அடித்துப் பார்க்க வேண்டும். வெறும் திரவம் தடையில்லாமல், சீரான விசிறி போல விழுந்தால் கன்னில் குறையில்லை. குறை வண்ணத்தின் கெட்டித்தன்மையிலோ, வடிகட்டாமல் விட்டதிலோ, கை வேகத்திலோ, வானிலையிலோ இருக்கிறது. வெறும் திரவமும் துப்பித் துப்பி வந்தாலோ, ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்தாலோ மட்டும் கன்னைக் கழற்றலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை முதல் தடவை நான் செய்யாமல் விட்டுவிட்டேன். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்கும்போது வண்ணம் வரவில்லை என்றதும், வண்ணம் வெளிவரும் முனையான நாசிலையும் அதைத் திறந்து மூடும் ஊசியையும் புதிதாக வாங்கிவந்து மாட்டினேன். அதன் பிறகும் வரவில்லை. எனாமலில் டர்பென்டைன் போதவில்லை என்பதே அங்கே இருந்த ஒரே குறை.

இந்தச் சோதனைக்கு மின்சாரக் கன்னில் பெட்ரோலையோ, மரவேலைக்கான என்.சி. தின்னரையோ ஊற்றக் கூடாது. இரண்டும் அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடுபவை. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தெறிக்கும் சிறு பொறி அதற்குப் போதும். எந்தத் திரவங்களை ஊற்றலாம் என்பதைக் கன்னோடு வரும் கையேடு, தீப்பற்றும் வெப்பநிலையைக் குறிப்பிட்டே சொல்லியிருக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் தேவை. ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தின்னரையும் சேர்த்து, அழுத்தத்தையும் கூட்டி, தூரத்தையும் குறைத்துவிட்டால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. மறுநாள் அதே குறை வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மோட்டார் ஓடுகிறது, காற்று வருகிறது, வண்ணம் வரவில்லை

வண்ண அளவைக் கட்டுப்படுத்தும் திருகு முழுவதும் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, கெட்டித்தன்மை. ஒரு லிட்டர் எனாமலுக்கு முதலில் 100 மில்லி டர்பென்டைன் கலந்து அட்டையில் அடித்துப் பார்த்து, போதவில்லையென்றால் 50 மில்லி வீதம் கூட்டிக்கொண்டே போகலாம். டப்பாவில் அச்சிட்டுள்ள அளவைத் தாண்டக் கூடாது. கன்னோடு சிறு துளையுள்ள பிளாஸ்டிக் அளவைக் கிண்ணம் வந்திருந்தால், அதில் கலவையை நிரப்பி, ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிக் கையேட்டுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டறைகளில் உள்ள 4 மி.மீ. துளைக் கிண்ணத்துக்கான விநாடிக் கணக்கை இந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பொருத்தினால் கணக்கு தவறிவிடும், ஏனெனில் துளையின் அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு.

கலவை சரியாக இருந்தும் வரவில்லையென்றால் இருவகைக் கன்களுக்கும் வழி பிரிகிறது. பலரும் குழம்பும் இடம் இதுதான். கப் கீழே உள்ள மின்சாரக் கன்னில், மோட்டாரின் காற்றில் ஒரு சிறு பகுதி மெல்லிய குழாய் வழியாகக் கப்புக்குள் சென்று வண்ணத்தை மேலே தள்ளுகிறது. அதனால் அந்தக் கப்பில் காற்று கசியவே கூடாது. கப்பின் வாயில் உள்ள ரப்பர் வாஷர் மடங்கியிருந்தாலோ, விளிம்பில் காய்ந்த வண்ணம் ஒட்டியிருந்தாலோ, கன்னைச் சாய்த்து வைத்ததில் அந்த மெல்லிய குழாய்க்குள் வண்ணம் ஏறி அடைத்திருந்தாலோ வண்ணம் மேலே ஏறாது. குழாயைக் கழற்றி ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அடைப்பு தெரியும். குழாயின் அடியில் உள்ள சிறு ரப்பர் வால்வு கிழிந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். கப் மேலே உள்ள கம்ப்ரஸர் கன்னில் நிலைமை நேர் எதிரானது. அங்கே வண்ணம் தன் எடையால் இறங்குகிறது. இறங்கிய வண்ணத்தின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போயாக வேண்டும். மூடியில் உள்ள சிறு துளை காய்ந்த வண்ணத்தால் அடைபட்டிருந்தால், தொடக்கத்தில் ஒரு நிமிடம் நன்றாக அடித்துவிட்டுப் பிறகு மெலிந்து நின்றுபோகும். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் மீண்டும் வரத் தொடங்கினால் காரணம் அந்தத் துளைதான்.

விட்டு விட்டு, இருமுவது போல வருகிறது

வண்ணம் போகும் வழியில் காற்று புகுந்தால் இப்படி ஆகும். கப்பில் வண்ணம் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். மின்சாரக் கன்னில் உறிஞ்சு குழாயின் அடிமுனை வளைந்திருக்கும். தரையை நோக்கிக் குனிந்து அடிக்கும்போது அந்த வளைவு முன்பக்கமும், மேலே பார்த்து அடிக்கும்போது பின்பக்கமும் இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் அரைக் கப் வண்ணம் இருக்கும்போதே குழாய் காற்றை உறிஞ்சும்.

கம்ப்ரஸர் கன்னில், ட்ரிகரை அழுத்தும்போது கப்பின் வண்ணத்தில் குமிழிகள் எழுந்தால், நாசில் தளர்ந்திருக்கிறது அல்லது அது அமரும் இடத்தில் சேதம் இருக்கிறது. அழுத்தக் காற்று அந்த இடுக்கு வழியே திரும்பிக் கப்புக்குள் ஏறுகிறது. கன்னோடு வந்த ஸ்பேனரால் இறுக்கினால் போதும். நாசில் பித்தளையில் செய்யப்பட்டதாக இருந்தால் வலுக்காட்டி இறுக்குவது மரையைக் கெடுத்துவிடும். ஊசியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையமான பேக்கிங் காய்ந்திருந்தாலும் காற்று புகும். அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பேக்கிங் நட்டைக் கையால் மட்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணெயில் சிலிக்கோன் கலந்திருக்கக் கூடாது. காரணம் பிறகு வரும்.

விசிறி கோணலாக விழுகிறது

அட்டையில் ஒரே இடத்தில் ஒரு விநாடி அடித்து, விழுந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும். நல்ல விசிறி நீள்வட்டமாக, இரு முனைகளிலும் மெலிந்து இருக்கும். ஒரு முனை தடித்தோ, பிறை போல வளைந்தோ இருந்தால், நாசிலைச் சுற்றிக் காற்றை வெளிவிடும் முன்மூடியான ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி மீண்டும் அடிக்க வேண்டும். கோணலும் சேர்ந்து தலைகீழாகத் திரும்பினால் அடைப்பு ஏர் கேப்பில் உள்ளது. திரும்பாமல் முன்பிருந்தபடியே விழுந்தால் அடைப்போ தேய்மானமோ நாசிலிலும் ஊசியிலும் உள்ளது. பிறை வடிவம் பெரும்பாலும் ஏர் கேப்பின் இரு கொம்புகளில் ஒன்றில் உள்ள துளை அடைபட்டதால் வருவது: அடைபடாத கொம்பின் காற்று வண்ணத்தை அடைபட்ட பக்கம் தள்ளிவிடுகிறது.

துளையைச் சுத்தம் செய்ய ஊக்கையோ, கம்பியையோ, ஊசியையோ நுழைக்கக் கூடாது. துளையின் வாயில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் விசிறி நிரந்தரமாகக் கோணிவிடும். ஏர் கேப்பை மட்டும் கழற்றித் தின்னரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தென்னை ஈர்க்கை மெல்லியதாகச் சீவி நுழைத்தால் போதும். விலை கொடுத்து வாங்கிய தூரிகைத் தொகுப்பைவிட ஈர்க்கு எனக்கு நன்றாக உதவியிருக்கிறது. அதே ஊறலில் முழுக் கன்னையும் போட்டுவிடுவோரைப் பார்த்திருக்கிறேன். பேக்கிங்கும் வாஷர்களும் ஊதிக் கெட்டுப்போக அதைவிடச் சுலபமான வழி இல்லை.

விசிறி நடுவில் தடித்து ஓரங்களில் இல்லாமலே போனால் வண்ணம் கெட்டி அல்லது காற்று போதவில்லை. நடுவில் மெலிந்து இரு முனையும் குண்டாக எட்டு என்ற எண் போலப் பிரிந்தால், வண்ணத்தின் அளவுக்குக் காற்று அதிகம். காற்றைக் குறைக்க வேண்டும், அல்லது வண்ணத் திருகைச் சற்றுத் திறக்க வேண்டும்.

தொடக்கத்தில் நன்றாக அடித்து, பிறகு வலுவிழக்கிறது

மூடித்துளையைப் பற்றி மேலே சொன்னேன். அது சரியாக இருந்தும் வலுவிழந்தால், கம்ப்ரஸர் கன்னில் காற்றின் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கன அடி காற்றுதான் தரும். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைக் கொண்டு அடிக்கும் எச்.வி.எல்.பி. கன்களில் பலவும் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பவை. தொட்டியில் சேர்ந்த காற்று இருக்கும்வரை நன்றாக அடித்து, ஒரு நிமிடத்தில் அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கும். இது பழுது அல்ல, பொருத்தமின்மை. ஒரு சட்டத்தை அடித்ததும் நிறுத்தித் தொட்டி நிறையும்வரை காத்திருக்கலாம். அல்லது குறைந்த காற்றில் இயங்கும் சிறு கன்னுக்கு மாறலாம். அழுத்தத்தை அளவிடும்போது ட்ரிகரை அழுத்திக் காற்று ஓடிக்கொண்டிருக்கும் நிலையில்தான் முள்ளைப் பார்க்க வேண்டும், ஏனெனில் நிறுத்திய நிலையில் காட்டும் எண்ணுக்கும் நீண்ட மெல்லிய குழாயைக் கடந்து கன்னை அடையும் அழுத்தத்துக்கும் வேறுபாடு அதிகம்.

மின்சாரக் கன் வலுவிழந்தால், மோட்டாரின் பின்புறம் உள்ள காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். புட்டியை உப்புத்தாளால் தேய்த்த அறையிலேயே கன்னை ஓட்டியிருந்தால் அது மாவு பூசியது போல வெளுத்திருக்கும். கல் குவாரிகளுக்கு அருகில் உள்ள ஊர்களில் தேய்க்காமலே அந்த நிலை வரும். அடுத்து மின்னழுத்தம். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்து வீடுகளில் விளக்கு மங்குவதைப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் இந்த மோட்டாரும் மந்தமாகத்தான் சுற்றும். கூடவே மெல்லிய கம்பியுள்ள நீண்ட எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருள் பிரிக்காமல் பயன்படுத்தினால் இழப்பு கூடும், ஒயரும் சூடேறும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒயரை முழுவதும் பிரித்துப் போட்டுப் பயன்படுத்த வேண்டும்.

பரப்பு ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக மேடுபள்ளமாகிறது

விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் படர்வதற்குள் இறுகிவிட்டன என்று பொருள். கெட்டியான கலவை, அதிக தூரம், குறைந்த காற்று, சூடான பரப்பு ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம்; அந்த வரிசையிலேயே சோதிக்கலாம். கம்ப்ரஸர் கன்னுக்கு 15 முதல் 20 செ.மீ., மின்சாரக் கன்னுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம் பொதுவாகப் பொருந்தும். கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை உள்ள ஒரு சாண் தூரம் இதற்கு நல்ல அளவுகோல்.

ஈரமாக இருக்கும்போது மேலும் அடித்துச் சமப்படுத்த முயன்றால், மேடுபள்ளம் போகாமல் வழிசல்தான் வரும். முழுவதும் காயவிட்டு, 400 எண் வாட்டர் பேப்பரால் ஈரத் தேய்ப்பு கொடுத்து, துடைத்து, இளகிய கலவையில் ஒரு கை அடிப்பதே வழி. தேய்ப்பது பல ஆண்டுப் பழைய வண்ணமாக இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடிக்கப்பட்ட கேட்டின் தூசியில் என்ன இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

வழிந்து கண்ணீர்க் கோடு விழுகிறது

கலவை மிக இளகியிருக்கலாம், கன் மிக அருகில் இருக்கலாம். ஆனால் வீட்டில் அடிப்பவர்களுக்கு வழிசல் வருவதற்கு முதன்மைக் காரணம் கையின் பழக்கமே. மணிக்கட்டை மட்டும் ஆட்டி, விசிறி வீசுவது போல அடித்தால் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் உலர்வாகவும் விழும். தோளிலிருந்து முழுக் கையும் பரப்புக்கு இணையாக நகர வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகே ட்ரிகரை அழுத்தி, கை நிற்பதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒவ்வோர் இழுப்பின் இரு முனையிலும் ஒரு கட்டி நிற்கும். ஒவ்வோர் இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூடியபடி போக வேண்டும்.

ஜன்னல் கிரில்லும் கேட்டும் தனிக் கதை. அகலமான விசிறியில் அடித்தால் கம்பியில் ஒட்டுவதைவிட இடைவெளி வழியே பறந்துபோவதே அதிகம். அதை ஈடுகட்ட மீண்டும் மீண்டும் அடிக்கும்போது பற்றவைப்பு மூலைகளில் வண்ணம் தேங்கி வழிகிறது. விசிறியைக் குறுக்கி, வண்ண அளவையும் குறைத்து, கேட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் சாய்ந்த கோணத்தில் இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை என்று அடித்தால் ஒரே இழுப்பில் கம்பியின் இரு முகங்களில் விழும். மூலைகளை முதலில் மெல்லத் தொட்டுவிட்டு, நீண்ட கம்பிகளைக் கடைசியாக அடிப்பது நல்லது.

வழிந்த கோட்டை விழுந்த நொடியிலேயே பிரஷ் நுனியால் எடுத்துவிடலாம். சில நிமிடம் கடந்துவிட்டால் தொடக் கூடாது. எனாமல் நன்றாக இறுகச் சில நாட்கள் விட்டு, பிளேடால் மேட்டைச் சீவி, தேய்த்து, மறுபூச்சு கொடுக்க வேண்டும். ஒரே நாளில் வேலையை முடிக்கும் அவசரத்தில் தடிப்பாக அடித்து வெயிலில் நிறுத்திய கேட்டில், மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் ஈரம் நின்று, பால் ஆடை போலச் சுருங்குவதும் உண்டு. அப்போது தேய்த்தல் பயன்படாது. சுரண்டி எடுத்தாக வேண்டும்.

காய்ந்ததும் மணல் போலச் சொரசொரக்கிறது

இந்த இரு மாவட்டங்களிலும் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். துளி பரப்பைச் சேரும் முன்பே காய்ந்து தூளாக விழுகிறது. பங்குனி, சித்திரையில் பகல் பதினொன்றுக்கு மேல் இரும்புக் கேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் எடுத்துவிடத் தோன்றும். கை தாங்காத சூட்டில் வண்ணமும் படராது. ஆடி மாதத்தில் சூடு குறைந்தாலும் காற்று விடாது. அது விசிறியைக் கலைத்து, பாதி வண்ணத்தைப் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்கும். திறந்தவெளியில் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டினாலொழிய ஆடியில் கன்னைக் கையில் எடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு.

மற்ற நாட்களில் காலை ஏழரை முதல் பத்து வரையும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் அடிக்கலாம். காலையில் அடிப்பதானால் கம்பியின் அடிப்பக்கத்தில் பனித்துளி நிற்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்துவிட வேண்டும். அடித்து முடித்த பகுதியின் மேல், அடுத்த பகுதியிலிருந்து பறக்கும் தூள் படிந்தும் சொரசொரப்பு வரும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்த முனையில் நின்று, புதிய பகுதியை நோக்கியே தூள் பறக்கும்படி வேலையை நகர்த்தினால், முடிந்த பகுதி தப்பும். எங்கு பார்த்தாலும் புகைமண்டலமாக இருந்தால் அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கிறது. வண்ணம் நன்றாகச் சிதறும் மிகக் குறைந்த அழுத்தமே சரியான அழுத்தம். குறைவிலிருந்து ஏற்றிக்கொண்டே போய், அட்டையில் பெரிய துளிகள் மறையும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிறு வட்டக் குழிகள் விழுகின்றன

மீன்கண் என்று பெயின்டர்கள் சொல்லும் இந்தக் குழிகளின் நடுவில் எண்ணெய்ப் பசையோ சிலிக்கோனோ இருக்கிறது. வண்ணம் அதைவிட்டு விலகி நிற்கிறது. சமையலறை அலமாரிக் கதவுகளில் தாளித்த எண்ணெயின் ஆவி ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து, பிறகு தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அதன் பின்னரே உப்புத்தாள் போட வேண்டும். தேய்த்துவிட்டுத் துடைத்தால் எண்ணெயைக் கீறல்களுக்குள் அழுத்திவிட்டதாகிவிடும். வண்டிக்குப் போடும் பளபளப்பு ஸ்ப்ரேக்களில் சிலிக்கோன் உண்டு. அதை அதே வராந்தாவில் அடித்திருந்தாலே போதும், கேட்டில் மீன்கண் வந்துவிடும்.

துடைத்தும் வந்தால் குற்றவாளி கம்ப்ரஸர். ஒருமுறை பஞ்சர் கடையிலிருந்து குழாய் இழுத்து அடித்துப் பார்த்தேன். டயருக்கு நல்ல காற்று, வண்ணத்துக்கு ஆகாத காற்று, ஏனெனில் அதில் கம்ப்ரஸர் எண்ணெயும் தண்ணீரும் கலந்தே வரும். தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தேங்கிய நீரை வேலைக்கு முன்னும், மழைக்காலத்தில் வேலைக்கு இடையிலும் வடித்துவிட வேண்டும். கன்னுக்கு முன்னால் நீர், எண்ணெய் இரண்டையும் பிடிக்கும் வடிகட்டியை மாட்ட வேண்டும். வெள்ளை அட்டையில் வெறும் காற்றை மட்டும் ஒரு நிமிடம் ஊதிப் பார்த்தால், கறை விழுகிறதா என்பதிலிருந்து விஷயம் தெரிந்துவிடும்.

மரக் கதவில் வார்னிஷ் பால் போல வெளுக்கிறது

என்.சி. லேக்கரில், அதாவது வேகமாகக் காயும் மரப்பூச்சில், தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துப் பனிக் காலைகளிலும், எங்கும் மழை விட்ட மாலைகளிலும் இது வரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. பூச்சு கெட்டுவிட்டது என்று உடனே சுரண்ட வேண்டாம். வெயில் ஏறி, காற்று உலர்ந்த பிறகு, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மெல்லிய புகை போல அடித்தால் பூச்சு மீண்டும் இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். பழைய எனாமலின் மேல் நேரடியாக என்.சி. பூச்சு அடித்தால் வேறொரு தொல்லை நேரும்: அதன் தின்னர் அடியில் உள்ள எனாமலைச் சுருட்டி மேலே தூக்கிவிடும். அதற்கு முழுவதும் சுரண்டி எடுப்பதைத் தவிர மருந்தில்லை.

ட்ரிகரை விட்ட பிறகும் நாசிலில் சொட்டுகிறது

ஊசி தன் இருக்கையில் முழுமையாக அமரவில்லை. இடையில் காய்ந்த வண்ணத் துணுக்கு இருக்கலாம், பேக்கிங் நட்டை அளவுக்கு மேல் இறுக்கியதால் ஊசி பின்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஊசி வளைந்திருக்கலாம். கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். ஊசியும் நாசிலும் ஒன்றாகத் தேய்பவை என்பதால் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மரப்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ., எனாமலுக்கும் பிரைமருக்கும் ஏறத்தாழ 1.8 மி.மீ., எமல்ஷனுக்கு 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பது நாசில் வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டிய பொதுக் கணக்கு.

சுவரில் பட்டை பட்டையாகத் தெரிகிறது

இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறவில்லை, அல்லது புட்டி பார்த்த இடங்களில் பிரைமர் போடாமல் விட்டதால் அவை மட்டும் அதிகமாக உறிஞ்சுகின்றன. முதல் பூச்சை இடவலமாகவும் அடுத்ததை மேல்கீழாகவும் அடித்து, ஈரத்திலேயே உலர்ந்த ரோலரால் ஒரு முறை மெல்ல ஓட்டினால் பட்டை மறையும். உள்ளபடி சொன்னால், சாமான்கள் நிறைந்த ஓர் அறையின் வழவழப்பான சுவருக்கு மின்சாரக் கன்னை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிக் கட்டுவதற்கே அரை நாள் போய்விடும். ரோலர் அதற்குள் ஒரு பூச்சை முடித்திருக்கும். கிரில், கேட், கம்பி வலை, பிரம்பு நாற்காலி, சொரசொரப்பான வெளிப்பூச்சு ஆகியவற்றில்தான் கன் தன் விலைக்கு உழைக்கிறது.

உடலில் தெரியும் அறிகுறிகள்

அடிக்கும்போது தலை கனத்தாலோ, கண் எரிந்தாலோ, வாயில் இனிப்பு போன்ற சுவை தெரிந்தாலோ உடனே நிறுத்தி வெளியே வர வேண்டும். துணி முகமூடியும் சாதாரணத் தூசி முகமூடியும் துளிகளைத்தான் ஓரளவு தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி வேண்டும். இரண்டு டப்பாக்களாக வந்து கலந்து அடிக்கும் பி.யூ. பூச்சை வீட்டில் கன்னால் அடிக்கவே வேண்டாம். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. வாடகைக்கு ஏர்லெஸ் இயந்திரம் எடுத்தவர்கள் அறிய வேண்டியது ஒன்று: அது 1,500 முதல் 3,000 பி.எஸ்.ஐ. வரையான அழுத்தத்தில் இயங்குவது. நுனி விரலில் பட்டால் ஊசி குத்தியது போல ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது, ஆனால் வண்ணம் தோலுக்கு அடியில் ஊடுருவியிருக்கும். கழுவிக்கொண்டு வேலையைத் தொடராமல், வண்ண டப்பாவையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை எடுக்கும்போது ஊசி அசையவில்லை

இது போன முறை கழுவாமல் வைத்ததன் அறிகுறி. ஊசியைக் குறட்டால் இழுக்காமல், நாசில் பகுதியை மட்டும் தின்னரில் நனைத்த துணியால் ஓர் இரவு சுற்றி வைத்தால் பெரும்பாலும் இளகும். வேலை முடிந்ததும் கப்பைக் காலி செய்து, டர்பென்டைனையோ தண்ணீரையோ நிறம் தெரியாமல் போகும்வரை இரண்டு மூன்று முறை அடித்து வெளியேற்றி, ஊசியை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ அந்தந்தக் கன்னின் கையேடு சொல்லும் வழியில் உருவித் துடைக்க வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம்; எமல்ஷன் அடித்த கன்னை அந்த நீரால் கழுவி அப்படியே காயவிட்டால் துளைகளில் வெள்ளைப் படிவம் நிற்கும். கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒரு டம்ளர் போதும். அழுக்கான டர்பென்டைனைக் கிணற்றுப் பக்கமோ சாக்கடையிலோ ஊற்றாமல் மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதை அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். பேக்கிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பேக்கிங் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, கன்னைப் படுக்கவைக்காமல் ஆணியில் தொங்கவிட வேண்டும்.